சுருள் கேலக்ஸிப் படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவு தொடங்கும் இடத்தில், மூன்று கருங்கல் பலகைகளைப் பதித்து வைத்திருக்கிறேன். தை மாதத்திலிருந்து கோடை மழை தொடங்கும் வரை என் தொலைநோக்கியின் முக்காலி அவற்றின் மேல்தான் நிற்கும். இந்தப் பருவத்தில் குன்னூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் சில சமயம் கொடைக்கானலிலிருந்தும் நண்பர்கள் லேப்டாப்புடன் வருவார்கள். "அண்ணா, மவுண்ட் கெட்டுவிட்டது போலிருக்கிறது, எங்கே கொடுத்துச் சரிபார்ப்பது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பெரும்பாலும் மவுண்ட் கெட்டிருக்காது. தரை இளகியிருக்கும், பனி இறங்கியிருக்கும், அல்லது துருவ நட்சத்திரம் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

ஒரே மாதிரியான பிழைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் உருவானது இந்தக் குறிப்பு. எட்டு அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி (குழாயின் அடியில் பெரிய முதன்மைக் கண்ணாடியும் மேல்முனையில் சிறிய கண்ணாடியும் உள்ளது), 1000 மில்லிமீட்டர் குவிய நீளம், சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் ஈக்குவடோரியல் மவுண்ட் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு எம் 51 என்ற சுருள் கேலக்ஸி. திருமணத்தில் அருந்ததி காட்டும்போது பார்க்கிறோமே, அந்த வசிட்டனைத் தாண்டி சப்தரிஷி மண்டலத்தின் வால்நுனியில் இருப்பது மரீசி. மரீசியிலிருந்து மூன்றரை பாகை தள்ளி, சுமார் 3 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது எம் 51. மார்ச் நடுவில் அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு நமக்கு மிக உயரத்தில் வரும்.

எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பல படங்களை மென்பொருளில் ஒன்றாக அடுக்கி முடித்த படத்தை மூடிவிட்டு, கேமராவிலிருந்து நேராக வந்த ஒற்றைப் படம் ஒன்றைத் திறந்து, முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். நடுவையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். பிறகு அந்த இரவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நட்சத்திரம் எந்த உருவத்தில் கெட்டிருக்கிறதோ அதுதான் நாடி. கீழே உள்ளவை எல்லாம் அந்த நாடியைப் பிடித்துப் பார்க்கும் வழிகள்.

## கேலக்ஸியே படத்தில் இல்லை

மவுண்டை இயக்கும் கைக்கருவியில் நேரமும் இடமும். முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பல கைக்கருவிகள் மாதத்தை முதலிலும் தேதியை அடுத்தும் கேட்கும். மார்ச் 4 என்று நினைத்து ஏப்ரல் 3-ஐ உள்ளிட்டால் தொலைநோக்கி சுமார் 30 பாகை தள்ளிப் போய் நிற்கும். நேர மண்டலம் கூட்டல் 5:30. அந்த அரை மணி விடுபட்டால் ஏழரை பாகை தவறும். பதினைந்து முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலம் அது. கோடைகால நேர மாற்றம் என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் கொடுங்கள். தீர்க்கரேகை கிழக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோத்தகிரிக்கு வடக்கு 11°25′, கிழக்கு 76°52′. கொடைக்கானலுக்கு வடக்கு 10°14′, கிழக்கு 77°29′.

பிரகாசமான நட்சத்திரத்தில் சோதனை. நேரே எம் 51-க்குப் போகாமல் மரீசிக்குப் போகச் சொல்லுங்கள். அது படத்தின் நடுவில் விழவில்லை என்றால் நடுவுக்குக் கொண்டுவந்து, இதுதான் மரீசி என்று கைக்கருவிக்குச் சொல்லும் 'சிங்க்' பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள். இந்தக் கருவியில் ஒரு படம் பிடிக்கும் வானம் ஏறத்தாழ 1.3 பாகைக்கு 0.85 பாகைதான். சிறிய தவறும் கேலக்ஸியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

இருந்தும் தெரியாமல் போவது. ஃபோகஸ் பெரிதாக விலகியிருந்தால் மங்கலான பொருள் வானத்தோடு கரைந்துவிடும். ஐஎஸ்ஓ 6400, 15 விநாடி என்று வைத்து ஒரு படம் எடுங்கள். அருகருகே இரண்டு பஞ்சுப் பொட்டுகள் தெரிந்தால் அதுதான். பெரியது எம் 51, சிறியது அதன் துணையான என்ஜிசி 5195.

இதற்கும் அகப்படவில்லை என்றால், எடுத்த படத்தை ஆஸ்டாப் போன்ற இலவச மென்பொருளில் கொடுங்கள். நட்சத்திர அமைப்பை ஒப்பிட்டு எங்கே பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிடும். இந்தப் பிழைக்காக யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

## நட்சத்திரம் எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டிருக்கிறது

என்னிடம் வரும் படங்களில் அதிகம் இதுதான். மவுண்ட் நின்றுவிட்டால் மரீசிப் பக்கத்து நட்சத்திரங்கள் ஒரே விநாடியில் பன்னிரண்டு பிக்சல் அளவுக்கு ஓடிவிடும். அதனால் மவுண்ட் துளி தடுமாறினாலும் படத்தில் தெரியும்.

முதலில் எந்தத் திசையில் இழுபடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கைடிங்கை (சிறிய வழிகாட்டித் தொலைநோக்கியும் கேமராவும் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பதை) நிறுத்திவிட்டு, பத்து விநாடிப் படம் ஓடும்போது கைக்கருவியின் கிழக்கு அம்புக்குறியை மிக மெதுவான வேகத்தில் அழுத்துங்கள். படத்தில் விழும் கோடு கிழக்கு மேற்குத் திசை. அதற்குக் குறுக்கே இருப்பது வடக்கு தெற்கு. கேமராவைத் திருப்பாமல் இருக்கும் வரை இந்தக் குறிப்பு போதும்.

### பத்தில் இரண்டு மூன்று படங்கள் மட்டும் கெட்டிருந்தால்

காற்று, அல்லது காலடி. நியூட்டோனியன் குழாய் ஒரு பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். சரிவில் இரவில் குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் இடுப்பளவுக்கு ஒரு தார்ப்பாய் கட்டினால் பாதிக்கு மேல் குறையும். மரப்பலகைத் தரையில் நிற்கிறது என்றால், படம் ஓடும்போது நடக்காதீர்கள். கெட்ட படங்களை ஒதுக்கிவிட்டு மீதியை அடுக்குங்கள்; இதற்காக மவுண்டைக் குடைய வேண்டாம்.

### எல்லாப் படங்களிலும், கிழக்கு மேற்காக

எளியதிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

கேபிள்: உறைபனி இரவில் பிளாஸ்டிக் உறை விறைத்து, கேபிள் குச்சி போல் நின்று தொலைநோக்கியைப் பிடித்து இழுக்கும். எல்லாக் கேபிள்களையும் ஒன்றாகக் கட்டி, மவுண்டின் தலைப்பகுதியிலிருந்து தளர்வாகத் தொங்க விடுங்கள்.

சமநிலை: அச்சை இறுக்கிப் பிடிக்கும் கிளட்சைத் தளர்த்தி, கேமரா முதல் மூடி வரை எல்லாம் மாட்டிய நிலையில் சரிபாருங்கள். பிறகு கிழக்குப் பக்கம் ஒரு துளி கனமாக விடுங்கள். பற்சக்கரங்கள் ஒரே பக்கம் அழுந்தி ஓடும்.

கிளட்ச்: குளிரில் பிடி தளரும். கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம்.

மவுண்டைத் திருப்பும் புழுப்பற்சக்கரத்தின் சுழற்சிப் பிழை: இது எல்லா மவுண்டிலும் உண்டு. சோதனை எளிது. கைடிங் இல்லாமல் 30 விநாடிப் படங்களாக அரை மணி நேரம் எடுங்கள். சில நிமிடங்கள் நன்றாக, சில நிமிடங்கள் இழுபட்டு, மறுபடி நன்றாக என்று முறை வைத்து வந்தால் இதுதான். கைடிங் கேமரா இருந்தால் சரியாகிவிடும். இல்லை என்றால் 30 விநாடிக்கு மேல் போகாமல் எடுத்து, கெட்டதைக் கழித்துவிடுங்கள்.

முறை வைத்து வராமல் திடீரென்று துள்ளுகிறது, மோட்டாரின் ஓசையும் மாறுகிறது என்றால் பல் தேய்ந்திருக்கலாம், உள்ளே மண் புகுந்திருக்கலாம், கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். இங்கே நிறுத்திக்கொண்டு, மவுண்ட் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பற்சக்கரங்களின் இடைவெளியை அளவின்றித் திருகி மவுண்டையே பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திருகில் கால் சுற்று என்பதே மிக அதிகம்.

### வடக்கு தெற்காக மெல்ல நகர்கிறது

மவுண்ட் சுழலும் அச்சு துருவத்தை நோக்கிச் சரியாக நிற்கவில்லை. நம் மலைகளில் மிகவும் படுத்தும் பிழை இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

துருவ நட்சத்திரம் நமக்கு வானத்தில் பதினோரு பாகை உயரத்தில்தான் இருக்கிறது; கொடைக்கானலில் பத்து. வடக்கே ஒரு கற்பூர மரமோ எதிர்மலையோ இருந்தாலே மறைந்துவிடும். பெரும்பாலான மவுண்ட்கள் இதைவிட அதிக அட்சரேகைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அச்சு ஒரு பாகை விலகினால், நட்சத்திரம் ஒரு நிமிடத்தில் 16 ஆர்க் விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் விநாடி) வரை நகரும். நம் கேமராவில் அது ஏறத்தாழ 19 பிக்சல்.

*எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கிறது.* பதினோரு பாகைக்குத் தாழ்த்தும்போது எடைத்தண்டு கிட்டத்தட்ட நேர் கீழே தொங்கும். வடக்குப் பக்கம் ஒரு கால் இருந்தால் அதில் முட்டும். முக்காலியைத் திருப்பி வையுங்கள். ஒரு கால் தெற்கே, மற்ற இரண்டின் இடைவெளி வடக்கே. மவுண்டைத் திசை பிடிக்கும் சிறு முளை பல முக்காலிகளில் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டக்கூடியதாகவே இருக்கும்.

*மவுண்ட் பதினோரு பாகைக்கு இறங்க மறுக்கிறது.* உயரம் மாற்றும் போல்ட்டை முறுக்கி வளைத்துவிடாதீர்கள். எதிரே இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். குழாயின் பாரத்தைக் கையில் தாங்கிக்கொண்டு திருகுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் தெற்குக் காலை நீட்டி, முழு முக்காலியையும் வடக்கே லேசாகச் சாயுங்கள். மட்டம் தவறினால் ட்ராக்கிங், அதாவது நட்சத்திரத்தைப் பின்தொடர்வது, கெடாது. அச்சு துருவத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-இல் நிறுவிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இதே உண்மையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. பதினோரு பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் கிடத்தியதால், அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. சரிவே அங்கே மவுண்ட். நாம் ஒரு காலின் கீழ் பலகை வைப்பதில் தவறே இல்லை. எடை சாய்ந்து விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*துருவ நட்சத்திரமே தெரியவில்லை.* நகர்வைப் பார்த்துத் திருத்தும் பழைய முறை இருக்கிறது. அதற்கு வடக்கு வானமே வேண்டாம்.

முதலில், தலைக்கு மேலே, வடக்கு தெற்காக உச்சி வழியே ஓடும் உச்சிக்கோட்டுக்கு அருகில் ஒரு நட்சத்திரம். கைடிங்கை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் போயிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நகர்ந்தால் கிழக்கே திருப்புங்கள்.

அடுத்து, கிழக்கு வானத்தில் தாழ்வாக ஒரு நட்சத்திரம். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நகர்ந்தால் தாழ்த்துங்கள். பிறகு மறுபடியும் முதல் நட்சத்திரம். இரண்டு மூன்று சுற்றுகளில் ஐந்து நிமிடத்துக்கு அசைவு தெரியாத நிலை வந்துவிடும்.

கணினி வைத்திருப்பவர்களுக்கு நினா மென்பொருளில் மூன்று இடங்களில் படம் எடுத்து அச்சைத் திருத்தும் வசதி உண்டு. அதற்கும் துருவம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன பழைய முறையை ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள். எந்தத் திருகு எதை அசைக்கிறது என்று அப்போதுதான் உடம்பில் பதியும்.

*நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை.* தரையைப் பாருங்கள். நம் மண் பஞ்சு போன்றது. மழை பெய்த மறுநாள் முக்காலியின் கால் இரவுக்குள் இறங்கிவிடும். கருங்கல்லோ சிமெண்ட் பலகையோ பதித்து, கால் நிற்கும் இடத்தை வண்ணம் தீட்டிக் குறித்துவிடுங்கள்.

### கைடிங் வரைபடம் நேர்க்கோடு, படத்தில் மட்டும் இழுபடல்

வழிகாட்டித் தொலைநோக்கியும் பெரிய தொலைநோக்கியும் ஒன்றாக நகரவில்லை. ஏதோ ஓரிடத்தில் தளர்வு இருக்கிறது. வழிகாட்டியைப் பிடித்திருக்கும் திருகுகள், கேமரா தொங்கும் ஃபோகஸர், குழாயின் வளையங்கள் என்ற வரிசையில் கையால் அசைத்துப் பாருங்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தும் தொடர்ந்தால், முதன்மைக் கண்ணாடி தன் தொட்டிலில் நகர்கிறது என்று கொள்ளலாம். அடிப்பக்கத்துப் பூட்டுத் திருகுகளை மெல்ல இறுக்குங்கள்.

## நடுவில் நன்றாக இருக்கிறது, மூலைகளில் வால்

நான்கு மூலைகளிலும் வால் வெளிப்புறமாக நீண்டால் அது நியூட்டோனியனின் இயல்பு. கோமா திருத்தி என்ற லென்ஸ் மாட்டினால் போகும். மாட்டியும் போகவில்லை என்றால் தூரம் தவறு. பெரும்பாலான திருத்திகளுக்கு அதற்கும் கேமரா சென்சாருக்கும் இடையே 55 மில்லிமீட்டர் வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் 44 மில்லிமீட்டர் கேமராவிலேயே இருக்கிறது. 11 மில்லிமீட்டர் வளையம் சேர்த்தால் சரி.

ஒரே பக்கத்து மூலைகள் மட்டும் கெட்டிருந்தால் கேமரா சாய்ந்து தொங்குகிறது. திருகுகளைச் சுற்றிச் சமமாக இறுக்குங்கள்.

நடு நட்சத்திரத்துக்கே வால் இருந்தால் கண்ணாடிகளின் நேர்மை தவறியிருக்கிறது. நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து சற்று விலக்கி வடை போல ஆக்குங்கள். நடுத்துளை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் முதன்மைக் கண்ணாடியின் மூன்று திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மையத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் நட்சத்திரத்தை மறுபடி படத்தின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் முக்கோணமாக இருந்தால் கண்ணாடியைப் பிடிக்கும் மூன்று கவ்விகள் இறுகிப் பிடித்திருக்கின்றன. குளிரில் இது கூடும். கவ்விக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

## நட்சத்திரங்கள் உப்பிப் போயிருக்கின்றன

முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் இப்போது திறந்து ஒப்பிடுங்கள்.

### முதலில் நன்றாக இருந்து, போகப் போகக் கெட்டால்

இரண்டில் ஒன்று: பனி, அல்லது ஃபோகஸ். இரண்டையும் பிரித்தறிவது எளிது. நட்சத்திரத்தைச் சுற்றிப் புகை போன்ற ஒளிவட்டம் வந்து, மங்கிய நட்சத்திரங்கள் காணாமலே போயிருந்தால் பனி. ஒளிவட்டம் இல்லாமல் பருத்து, பிரகாசமான நட்சத்திரம் சிறு வளையமாகத் தெரிந்தால் ஃபோகஸ்.

பனி. நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர் ஜனவரியில் உறைபனி, அதன்பிறகும் பின்னிரவில் ஈரம். முதலில் நனைவது வழிகாட்டித் தொலைநோக்கியின் லென்ஸ், அடுத்து நியூட்டோனியனின் மேல்முனையில் இருக்கும் சிறிய கண்ணாடி. அடியில் இருக்கும் பெரிய கண்ணாடி அநேகமாகத் தப்பிக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் பனிதான்.

துணியால் துடைக்காதீர்கள். வேட்டி நுனி, சட்டை நுனி, மெல்லிய துணி, எதுவும் கூடாது. ஈரத்தோடு தூசியையும் சேர்த்துத் தேய்த்துக் கண்ணாடியின் பூச்சில் விழும் கீறல் ஒருபோதும் மறையாது. முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், கைநீளம் தள்ளிப் பிடியுங்கள்.

திரும்பத் திரும்ப வருகிறது என்றால், குழாயின் வாயில் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்பு அட்டையைச் சுருட்டி மாட்டுங்கள். எளிதான இந்த அட்டையே பல இரவுகளைக் காப்பாற்றும். போதவில்லை என்றால் 12 வோல்ட் சூட்டுப் பட்டை. வழிகாட்டி லென்ஸுக்கு முதலில் வாங்குங்கள். இடத்தையும் யோசியுங்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். பனியும் அங்கேதான் முதலில் விழும். சரிவில் இருபது அடி மேலே ஏறினாலே வேறுபாடு தெரியும்.

விடிந்ததும் மூடிகளைப் போட்டுவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு மூடியைத் திறந்து நன்றாக உலர விடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபோகஸ். மாலையில் 16 டிகிரி இருந்த காற்று விடியும்போது 6 டிகிரிக்கு இறங்குவது இங்கே வழக்கமான செய்தி. ஒரு மீட்டர் அலுமினியக் குழாய் அந்தப் பத்து டிகிரியில் 0.23 மில்லிமீட்டர் சுருங்கும். குவிய நீளம் விட்டத்தைப் போல ஐந்து மடங்கான நம் எஃப் 5 தொலைநோக்கியில் ஃபோகஸ் தாங்கும் இடைவெளி மொத்தமே சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரு முறை வைத்த ஃபோகஸ் விடியும் வரை நிற்காது. மணிக்கு ஒரு முறை, முன்னிரவில் அரை மணிக்கு ஒரு முறை, திரும்பிப் பாருங்கள். பாதினோவ் முகமூடி என்ற கோடு வெட்டிய அட்டையை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். மூன்று கதிர்களும் ஒரே புள்ளியில் சேர்ந்தால் ஃபோகஸ் சரி.

### முதல் படத்திலிருந்தே உப்பியிருந்தால்

ஃபோகஸர் முழுவதும் உள்ளே போயும் கூர்மை வரவில்லை என்றால், கேமராவுக்கு அந்தத் தொலைநோக்கியில் இடம் போதவில்லை. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த நியூட்டோனியன்களில் இது பொதுவானது. உயரம் குறைந்த ஃபோகஸர் மாட்ட வேண்டும், அல்லது முதன்மைக் கண்ணாடியைக் குழாயில் மேலே ஏற்ற வேண்டும். இரண்டாவது வழிக்குக் குழாயில் துளை போட வேண்டியிருக்கும். அளந்து வெட்டும் பழக்கம் உள்ள கைத்தொழிலாளி உடன் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

கூர்மை வருகிறது, ஆனால் நட்சத்திரம் கொதிக்கும் நீரில் கிடப்பதுபோல் நடுங்குகிறது என்றால் கண்ணாடி இன்னும் ஆறவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே வெளியே வையுங்கள். தகரக் கூரைக்கும் புகைபோக்கிக்கும் மேலாகப் பார்க்காதீர்கள். சிமெண்ட் மாடியைவிடப் புல்தரை நல்லது. இதற்குப் பிறகும் நடுங்கினால் அது மேல்காற்று. அன்று கேலக்ஸியை விட்டுவிட்டு, மறுநாள் வாருங்கள்.

## வானம் வெளுத்தோ செம்மஞ்சளாகவோ இருக்கிறது

நிலா உதித்ததா என்று பாருங்கள். அடுத்தது உங்கள் வீட்டு வாசல் விளக்கு. அதற்கு அடுத்தது பக்கத்து வீடு. போய்ச் சொல்லிக் கேட்டால் அணைத்துத் தருவார்கள். குழந்தைகளை அழைத்து ஒருநாள் கேலக்ஸியைக் காட்டுங்கள், பிறகு கேட்கவே வேண்டாம்.

படத்தின் ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருந்தால் குழாய்க்குள் ஒளி கசிகிறது. நியூட்டோனியனின் அடிப்பக்கம் திறந்திருக்கும். கறுப்புத் துணியால் மூடுங்கள். கேமராவின் கண்துளையையும் மூடுங்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பும் வண்டியின் விளக்கு நேராக அடிக்கும் வீடுகளில் இதனால் மட்டுமே பாதிப் பிழை தீர்ந்திருக்கிறது.

தெற்கே மேட்டுப்பாளையம், கோவை வெளிச்சம் எங்களுக்கு நிரந்தரம். எம் 51 வடக்கே இருப்பதால் தப்பிக்கிறது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சமவெளியின் மேல் மேகம் பாய் விரித்ததுபோல் படியும் இரவுகளில், கீழே இருக்கும் வெளிச்சம் அடைபட்டு நம் வானம் நன்றாகக் கருக்கும். கீழே மேகமூட்டம் என்று செய்தி வந்தால் சோர்ந்துவிடாமல் வெளியே வந்து தலையை நிமிர்த்திப் பாருங்கள்.

ஒளி மாசைத் தடுக்கும் ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். கேலக்ஸிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேலக்ஸியின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவிய நட்சத்திர ஒளி; எல்இடி தெருவிளக்கும் அப்படியே பரவியது. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். அந்தப் பணத்தில் ஒரு முறை வாகனம் பிடித்து இருண்ட இடத்துக்குப் போய் வரலாம்.

## நடு மட்டும் ஒளிர்கிறது, சுருள் கரங்கள் தெரியவில்லை

நட்சத்திரங்கள் எல்லாம் கூர்மையாக இருந்து, கேலக்ஸி மட்டும் பஞ்சுப் பொட்டாக இருந்தால் கருவியில் பிழை இல்லை. ஒளி போதவில்லை.

மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இருபது நிமிடம் எடுத்துவிட்டுக் கரங்களைத் தேடுபவர்களே அதிகம். இரைச்சலை ஒப்பிடும்போது படத்தின் தெளிவு இரட்டிப்பாக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்கு வேண்டும். ஒரு மணி நேரத்தில் கரங்கள் இருப்பது புரியும். நான்கு மணி நேரத்தில் அவற்றின் இடையே ஓடும் கருந்தூசிப் பட்டை தெரியும். ஒரே இரவில் எடுக்க வேண்டும் என்பதில்லை. மூன்று இரவுகளில் எடுத்து ஒன்றாக அடுக்கலாம்.

நேரம் போதுமானதாக இருந்தும் தெரியவில்லை என்றால், ஒற்றைப் படத்தின் ஹிஸ்டோகிராமில் (கறுப்பு முதல் வெள்ளை வரை எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) மேடு இடது சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து விலகி, கால் பங்கு தூரத்தில் நிற்க வேண்டும். ஒட்டியிருந்தால் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் கூட்டுங்கள். அடுக்கிய கோப்பை சிரில் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் முதலில் கறுப்பாகவே தெரியும். மங்கிய பகுதிகள் தெரியும்படி வெளிச்ச அளவை நீட்டிப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கினாலும் இரைச்சல் குறையும். நம் காற்றில் அந்த நுணுக்கமெல்லாம் எப்படியும் பதிவதில்லை.

1845-இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடி வழியே பார்த்து இந்தச் சுருளை முதன்முதலில் வரைந்தார். எட்டு அங்குலத்தில் நமக்கு அது கிடைப்பது பொறுமையால் மட்டுமே. இந்த இடத்தில் பெரிய தொலைநோக்கி வாங்க ஓடாதீர்கள்.

கரங்களில் சிவப்புத் திட்டுகள் வரவேண்டும் என்றால் மட்டும் கேமராவுக்குள் சிவப்பைக் குறைக்கும் ஃபில்டரை எடுக்க வேண்டும். சென்சாரைத் திறக்கும் அந்த வேலையைக் கேமரா பழுதுபார்க்கும் தொழில்நுட்பக்காரர்தான் செய்ய வேண்டும்.

## கோடுகள், வளையங்கள்

சாய்மழை பெய்ததுபோல் நிறக் கோடுகள் தெரிந்தால், படம் எடுக்கும்போது வானம் ஒரே திசையில் மெல்ல நகர்ந்திருக்கிறது. இரண்டு மூன்று படங்களுக்கு ஒரு முறை தொலைநோக்கியைக் கொஞ்சம் தாறுமாறாக நகர்த்தும் 'டிதர்' வசதியைப் போடுங்கள். மங்கிய வளையங்கள் சென்சாரின் மேல் இருக்கும் தூசி. விடியற்காலையில் குழாயின் வாயில் வெளுத்த வேட்டித் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, கேமராவையும் ஃபோகஸையும் அசைக்காமல் சமமான வெளிச்சத்தைக் காட்டும் முப்பது 'ஃபிளாட்' படங்கள் எடுத்து, மென்பொருளில் அவற்றால் வகுத்துத் திருத்திவிடுங்கள். செயற்கைக்கோள் கோடுகளை அடுக்கும் மென்பொருளே நீக்கிவிடும்.

## நடு இரவில் மவுண்ட் நின்றுவிடுகிறது, அல்லது தானே ஓடுகிறது

மின்சாரம். பிளக் தளர்ந்திருக்கிறதா, ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறதா, பேட்டரி பழையதா என்ற வரிசையில் பாருங்கள். மல்டிமீட்டரை மவுண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வையுங்கள்; ஓடாதபோது காட்டும் 12 வோல்ட்டை நம்பக் கூடாது. உறைபனிக் குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும். அதைத் தரையில் வைக்காமல் தெர்மகோல் பெட்டிக்குள் வையுங்கள். சூட்டுப் பட்டைக்குத் தனிப் பேட்டரி.

வீட்டு மின்சாரத்தை நீட்டி எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். பனியில் நனைந்த புல்லில் அடாப்டர் கிடக்கக் கூடாது. மின்கசிவைத் துண்டிக்கும் கருவியோடு வெளிப்புற இணைப்பு ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை நீங்களே செய்ய வேண்டாம்.

கைடிங் வரைபடம் திடீரென்று செத்துப்போனால் ஓடிவந்து பார்ப்பதற்கு முன், கதவைத் திறந்து நின்று பெரிய டார்ச்சை ஒரு சுற்று அடியுங்கள். கோத்தகிரியில் கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் நிற்பது புதிதல்ல. நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். போகவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கருவிகளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

## கண்ணாடிக்குள் சிலந்திவலை போல ஏதோ தெரிகிறது

பூஞ்சை. ஜூன் முதல் நவம்பர் வரை பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, தை பிறந்ததும் திறப்பவர்களுக்கு இது நேரும். படத்தில் ஒளிவட்டமும் மங்கலும், பனி இல்லாத இரவிலும், முதல் படத்திலிருந்தே இருக்கும். டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தால் வேர் போலப் படர்ந்திருப்பது தெரியும்.

லென்ஸின் வெளிப்பரப்பில் மட்டும் இருந்தால், ஊதுபந்தால் தூசியை அகற்றிவிட்டு, லென்ஸ் சுத்தம் செய்யும் திரவத்தைத் தாளில் நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் எடுங்கள். இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே இருந்தால் தொடாதீர்கள். அவற்றின் இடைவெளியும் திசையும் தொழிற்சாலையில் வைத்த நிலையில் இருக்க வேண்டும். கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டிய லென்ஸில் கூர்மை திரும்பாத கதையை என் சொந்தத் தொலைநோக்கியிலேயே அனுபவித்தேன். ஒளியியல் கருவி பழுதுபார்ப்பவரிடம் அனுப்புங்கள். நியூட்டோனியன் கண்ணாடியில் பூச்சு அரித்துப் புள்ளி புள்ளியாகிவிட்டால், மறுபடி அலுமினியம் பூசுவதற்குக் கொடுக்க வேண்டும். அதுவும் வீட்டில் செய்யும் வேலை இல்லை.

அனுப்பும்போது குறையை வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். பெரிதாக்கிய ஒற்றைப் படத்தில் நடு ஒன்று, நான்கு மூலைகள் நான்கு என்று ஐந்து துண்டுகளை வெட்டி உடன் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் அதே நட்சத்திரத்தை அதே நேர அளவில் எடுத்து அவற்றின் பக்கத்தில் வையுங்கள். அடுத்த மழைக்கு முன், மே கடைசி வாரத்தில், காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல்லைப் போட்டு மூடுங்கள். ஜெல்லின் நிறம் மாறும்போதெல்லாம் வாணலியில் இட்டு இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்து, திரும்பப் போடுங்கள். ஆடி மாதத்தில் பத்து நாளுக்கு ஒரு முறையாவது அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.